கூட்டம் கிளம்புறதுக்குள்ள

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்த மகள், அவருடைய வலது கை போர்வைக்கு மேல் எதையோ திருகுவதைப் பார்த்து நிறுத்தினாள்.

“என்னம்மா பண்றாரு? வலிக்குதோ?”

கட்டிலின் காலடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பிறகு டி.வி.யைப் பார்த்தாள். “வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. படம் முடியப் போகுதுல்ல. வண்டிய எடுக்கணுமாம்.”

மகளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இனி ஊசி போட்டு உடம்பைப் புண்ணாக்க வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள் என்று காலையில்தான் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த நேரத்திலும் மனுஷனுக்கு வண்டிக் கவலை.

ஓடிக்கொண்டிருந்தது கல்மூஞ்சியின் படம். அந்த நடிகருக்கு இந்த வீட்டில் வைத்த பேர் அது. ஆளைத் தூக்கிப் போட்டு மிதித்தே பேர் வாங்கியவர், நரை விழுந்தபின் தானே படம் எடுக்கத் தொடங்கினார். அடிதடியே இல்லாத படங்கள். இந்த முரட்டுப் பயலுக்குள்ள இப்படி ஓர் ஈரமா என்று ஊரே வாயைப் பிளந்தது.

விபத்தில் நசுங்கிய லாரிகளைக் கிரேனில் தூக்குகிற அப்பாவுக்கு அவர் என்றால் உயிர். முதல் நாளே குடும்பத்தோடு போய்விடுவார். ஆனால் அதில் ஒரு கூத்து உண்டு. சண்டைப் படமென்றால் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை அசைய மாட்டார். கல்மூஞ்சி தானே எடுத்த படமென்றால், முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே எழுந்துவிடுவார். “கிளம்புங்க, கிளம்புங்க. கூட்டம் வெளிய வந்துட்டா வண்டிய எடுக்க முடியாது.” வீட்டில் டி.வி.யில் போட்டாலும் அந்த இடம் வந்தால் சேனல் மாறிவிடும்.

இந்தப் படமும் அப்படித்தான். சிறையிலிருந்து வந்த கிழட்டு அடியாள், தான் யாரென்று சொல்லாமல், பெற்ற மகள் வீட்டு வாசலிலேயே காவல்காரனாகச் சேர்கிறான். அந்த மகள் கண்டுபிடித்தாளா? சின்ன வயதில் தியேட்டரிலிருந்து பாதியிலேயே இழுத்து வரப்பட்ட இவள், ‘கண்டுபிடிச்சிட்டா, ரெண்டு பேருமா சேர்ந்து வில்லன அடிச்சாங்க’ என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டு, படத்துல வில்லனே கிடையாதுடி என்று தோழிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இன்று ரிமோட் அவள் மடியில் இருந்தது.

“வண்டி எங்கயும் நிக்கலப்பா. ஒரு தடவையாவது முழுசா பாப்போம். இருங்க.”

அந்த ‘இருங்க’வில் குரல் உடைந்தது. படத்தின் முடிவு யாருக்கு வேண்டும்? அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கை மறுபடியும் திருகியது.

“விடுடி, அவரால முடியாது,” என்றாள் அம்மா. “கல்யாணமான புதுசுல, கல்மூஞ்சி எடுத்த முதல் படத்துக்குப் போனோம். கடைசியில இந்த மனுஷன் விம்மி விம்மி அழுதாரு பாரு, முன் சீட்டுக்காரன் திரும்பி தண்ணி பாட்டில நீட்டினான். மறுநாள் கிரேன் ஷெட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. போதும் போதும்னு ஓட்டித் தள்ளிட்டானுங்க. அன்னிலேர்ந்துதான் இந்தக் கூட்டம், வண்டி எல்லாம்.”

“அதுக்குத்தான் எழுந்திருக்கிறார்னு உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியாம என்ன? வண்டியில ஏறினதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். கண்ணத் துடைச்சுக்கட்டும்னு.”

பின் சீட்டிலிருந்து பார்த்த அம்மாவின் திரும்பிய தலை மகளுக்கு நினைவு வந்தது. முடிவைப் பார்க்க விடாத கோபம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவள் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குள்ளும் அது சாவியைத் திருகியது.

“சரிப்பா,” என்றாள். “நீங்க முன்னால போய் வண்டிய எடுங்க. நாங்க பாத்துட்டு வர்றோம்.”

கை நின்றது.

திரையில் மகள் இரண்டு டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். ஒன்றைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றதைக் குடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் படம்.

எழுத்துகள் ஓடத் தொடங்கின. அப்பாவின் அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

அம்மா எழுந்து வந்து மகளின் அருகில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.