பூக்கட்டிப் பார்த்த பனிமலை

காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி விழுவதற்கென்றே வெள்ளைக்காரர்கள் ஊர்விட்டு ஊர் போகிறார்கள் என்று கலெக்டர் துரை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்திருந்தால் பேச்சு அதோடு நின்றிருக்கும்.

தில்லி தர்பார் முடிந்த மறுவருஷம் அது. பாளையங்கோட்டையில் துரை பங்களாவில் தேநீர் விருந்து. நான், ஹரிஹரசுப்பிரமணியன், ஊத்தடி ஜமீனின் இங்கிலீஷ் குமாஸ்தா; எங்கள் ஜமீன்தார் கைலாசத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவரை 'மகாராஜா' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ராஜ்யத்தின் இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் இருப்பவர் 'தீர்க்காயுசு' என்று சொல்லலாம், அவ்வளவு பெரிசு.

எதிரே அவருடைய சித்தப்பா மகன், மருதங்குளம் ஜமீன்தார். புது மோட்டாரில் வந்து இறங்கிய மிதப்பில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் மகாராஜாவுக்கு வயிறு எரிந்தது. துரை சுவிட்சர்லாந்தின் பனியைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "இந்த மார்கழிக்கு நானும் என் குமாஸ்தாவும் அங்கனதான் போறோம்னு தொரைகிட்டச் சொல்லும்வே" என்றார். நான் திகைத்து நின்றேன். "சொல்லும்!" என்றார். சொன்னேன். என் தலையில் நானே இங்கிலீஷில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு மண் என்றால் சாதாரண மண் இல்லை. என் பெண் பாகீரதிக்குக் கல்லிடைக்குறிச்சியில் சம்பந்தம் பேசியிருந்தோம். வக்கீல் விஸ்வேஸ்வர ஐயர் வீடு. பையன் பி.ஏ. பாஸ் பண்ணியவன். பாகீரதிக்கும் பிடித்துப்போய், அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்த ஊர் ஆற்றுப் படித்துறை வரைக்கும் தெரிந்து வைத்திருந்தாள். கடல் தாண்டிய பிராமணனுடைய பெண்ணை யார் எடுப்பார்கள்? பந்தியில் எனக்கு இலை போட்டால் பக்கத்து இலைக்காரன் எழுந்து போவான். நானே அப்படி எழுந்து போனவன்தான். லண்டன் போய்வந்த ஒருவன் உட்கார்ந்தான் என்று நாங்குநேரியில் ஒரு கல்யாணத்தில் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தேன். பாயசம் நன்றாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

விஷயம் எப்படியோ சம்பந்தி காதுக்கு எட்டிவிட்டது. நிச்சயம் பேச வந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "ஜமீன்தாரோட நீங்களும் சீமைப்பக்கம் போறேளாமே?" என்றார்.

"வெறும் பேச்சு. எந்த ஊருக்குன்னே இன்னும் தீர்மானமாகலை" என்று மழுப்பினேன்.

"தீர்மானமானா சொல்லி அனுப்புங்கோ. முகூர்த்தம் அப்புறம் வச்சுக்கலாம்."

அன்றே முடிவு செய்தேன்: எந்த ஊர் என்று தீர்மானமாகவே கூடாது.

பம்பாயிலிருந்து கப்பல் கம்பெனிக்காரன் மூன்று படப் புஸ்தகங்கள் அனுப்பியிருந்தான். ஊருக்கு ஒன்று. தினம் சாயங்காலம் நான் படித்துச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கே காதைச் சுற்றி மப்ளர் கட்டி, காலடியில் தணல் போட்ட கரிச்சட்டி வைத்துக்கொண்டு மகாராஜா கேட்பார். குற்றாலத்துக்குப் போனாலும் அருவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெந்நீரில் குளிக்கிற உடம்பு. அதையெல்லாம் ஜமீன் பவிசு என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

"செயிண்ட் மோரிட்ஸ்னு ஒரு ஊர், மகாராஜா. ஏரி அப்படியே கல்லாட்டம் உறைஞ்சு போறது. அதுமேலே குதிரைப் பந்தயம் விடறா."

"கொளத்து மேல குதிரை ஓடுதா? அப்பம் மீனெல்லாம் என்னவே செய்யும்?"

"அது புஸ்தகத்திலே இல்லை, மகாராஜா. ஆனா குதிரை பாரத்துக்கு ஏரி விரிசல் விட்டா நம்ம கதி என்ன?"

"ஆமாவே. அடுத்த ஊரைச் சொல்லும்."

"தாவோஸ். காற்று சுத்தமாம். அதனாலே காசநோய்க்காரா எல்லாரும் அங்கேதான் வந்து தங்கறா."

"சீ, இருமல்காரன் ஊருக்கு நான் எதுக்குவே போவணும்?"

மூன்றாவது கிரிண்டல்வால்ட். பேரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. "பேரு சொல்ல முடியாத ஊருக்குப் போயி, அங்கன போனேன்னு எப்படிவே பெருமை பேசுறது?" என்றார். நியாயமான கேள்வி. இப்படி வாரம் ஒரு ஊரை ஒதுக்குவோம். அடுத்த வாரம் அதே ஊரை அவரே மறுபடி எடுப்பார். மார்கழியில் பிரயாணம் ஆகாது என்றேன். கார்த்திகையிலேயே கப்பலேறிவிட்டால் தோஷமில்லை என்று ஜோசியர் வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். நாசமாய்ப் போகிறவர்!

நடுவில் ஒருநாள் தச்சனை அழைத்து, படத்தில் இருந்தபடி பலகை செய்யச் சொன்னார். ஆற்றங்கரை மணல்மேட்டில் சறுக்கிப் பார்க்க வேண்டுமாம். யார்? நான்தான். மகாராஜா சால்வையைப் போர்த்திக்கொண்டு குடைக்கடியில் உட்கார்ந்தார். பஞ்சகச்சமும் குடுமியுமாக மேட்டின் மேல் நின்றேன். பலகை நகர்ந்தால்தானே? பின்னாலிருந்து ஒரு புண்ணியவான் தள்ளிவிட்டான். கட்டு அவிழ்ந்து பலகை அங்கேயே நின்றது, நான் மட்டும் உருண்டு போய்த் தாமிரபரணியில் விழுந்தேன். அக்கரையில் துணி துவைத்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மகாராஜா சிரிக்கவில்லை. "எலும்பு ஒண்ணும் முறியலையேவே?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கப்பல் நாள் நெருங்கியது. பாலாம்பாள், என் சம்சாரம், சாமி அறையில் மஞ்சள் துணியில் வேண்டுதல் காசு முடிய ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. "மகாராஜா, நாம தேடி மாளாது. உங்க குலதெய்வம் சாஸ்தா. அவர்கிட்டே பூக்கட்டிப் பார்த்துடலாமே" என்றேன். பிச்சிப்பூ வந்தால் செயிண்ட் மோரிட்ஸ், செவ்வரளி வந்தால் தாவோஸ், மரிக்கொழுந்து வந்தால் கிரிண்டல்வால்ட். மென்று விழுங்கி நாலாவதையும் சொன்னேன். "துளசி வந்தா போகவே வேண்டாம்னு வச்சுக்கலாம். சாமிக்கும் ஒரு சௌகரியம் வேணுமோல்லியோ?"

கரிச்சட்டி பறக்கும் என்று எதிர்பார்த்தேன். "அதுஞ் சரிதான்வே" என்றார் மகாராஜா. எனக்கு நம்பவே முடியவில்லை.

சனிக்கிழமை காலை சாஸ்தா கோயிலில் ஊரே கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க மருதங்குளத்தாரும் மோட்டாரில் வந்திருந்தார். பூசாரி இசக்கி வாழையிலைப் பொட்டலம் நாலையும் சாமி காலடியில் உருட்டிப் போட்டான். மகாராஜா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். துளசி!

"சாஸ்தாவே வேண்டாம்னுட்டாரு. நான் என்னத்தச் செய்ய?" என்று அண்ணாந்து பெருமூச்சு விட்டார். மருதங்குளத்தார் மீசையைத் தடவி, "அப்பம் ஒனக்குப் பதிலா நான் போயிட்டு வாரேன்" என்றார். எனக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. ஊரே பார்க்கிறது என்றும் பாராமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதேன். எழுந்து நேரே வண்டி பிடித்துக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன்.

"போகலை! கடல் தாண்டலை! சாஸ்தா உத்தரவு" என்றேன் வாசலிலேயே.

விஸ்வேஸ்வர ஐயர் முகம் தொங்கிப்போயிற்று. உள்ளே அழைத்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"பையனை லண்டனுக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கணும்னு எனக்கு ஆசை. நீங்களும் கடல் தாண்டறேள்னதும், அடடா, ரெண்டு சம்பந்தி வீட்டிலேயும் ஒண்ணாப் பிராயச்சித்தம் பண்ணிண்டா ஒருத்தரை ஒருத்தர் குத்திப் பேச முடியாதேன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் காத்துண்டிருந்தேன். கடல் தாண்டாத சம்பந்தி எனக்கு எதுக்கு? நாளைக்கு என் பிள்ளை திரும்பி வந்து பந்தியிலே உக்காந்தா, பாயசத்தை விட்டுட்டு எழுந்து போற மனுஷர் நீங்க."

நாங்குநேரிக் கல்யாணத்துக்கு இவரும் வந்திருந்தார் போலிருக்கிறது.

திரும்பி வந்ததும் ஆத்திரம் தாங்காமல் கோயிலுக்குப் போய், "இதுதான் உன் நியாயமா?" என்று சாஸ்தாவைப் பார்த்துக் கத்தினேன். விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கி பதறிப்போய் ஓடிவந்தான்.

"சாமியைத் திட்டாதீரும் சாமி. அதுக்கு ஒண்ணுந் தெரியாது. நாலு பொட்டலத்துலயும் துளசிதான். மகாராஜா முந்தின நாளே ஆளனுப்பிச் சொல்லிட்டாரு. குளிருன்னா அவுகளுக்குக் குலை நடுங்குது."

அவரும் போக விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. அன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் நான் ஆற்றில் விழாமலாவது தப்பியிருப்பேன். அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து பாகீரதி அழுதபோது எனக்கு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் மருதங்குளம் ஜமீன் குமாஸ்தா அனந்தநாராயணன் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். அவன் பெண்ணுக்குத்தான் அந்தப் பையன். மாப்பிள்ளை, மாமனார், ஜமீன்தார் மூவரும் ஒரே கப்பலில் போகிறார்களாம்.

"அண்ணா, எந்த ஊருக்குப் போறதுன்னு எங்க ஜமீன்தார் கேக்கறார். நீங்கதான் எல்லாம் படிச்சிருக்கேளாமே?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கேட்ட பிறகு தப்பாகச் சொல்ல நாக்கு வரவில்லை. செயிண்ட் மோரிட்ஸுக்கே போ, வெயில் நன்றாக அடிக்குமாம், ஏரி தாங்கும், பயப்படாதே, பனியில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மோர் கொண்டுவந்த பாகீரதி கதவோரம் நின்று முழுக்கக் கேட்டாள்.

அவன் போனதும் தம்ளரை எடுக்க வந்தாள்.

"இத்தனை தெரியுமே அப்பா உங்களுக்கு. பின்னே நீங்க ஏன் போகலை?"

"பூ அப்படி வந்துடுத்தும்மா. சாஸ்தா உத்தரவு" என்றேன்.