சரிவு வைத்த குளம்

கடைக்குப் பின்னால் இருந்த திறந்தவெளியில் ரெடிமேட் நீச்சல் குளங்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நீல நிற ஃபைபர் தொட்டிகள், ஒவ்வொன்றும் வீட்டுச் சுவர் உயரம். தரையில் சரளைக்கல் கொட்டியிருந்ததால் சக்கர நாற்காலி நகர மறுத்தது. லோர்னா அதைத் திருப்பி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனாள். போகிற திசைக்கு முதுகைக் காட்டியபடி, வந்த வழியையும் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் பார்த்துக்கொண்டே நகர்ந்தான் நெவில்.

"ரிவர்ஸ்ல நல்லாத்தான் ஓட்டுற. லாரியைக் குடுத்திருக்கலாம் உங்கிட்ட" என்றான்.

அது அவளுக்கு மட்டுமே புரிந்தது. ஆஸ்திரேலியாவில், டூவூம்பாவைச் சுற்றியிருக்கிற கோதுமை ஊர்களுக்கெல்லாம் வாழ்நாள் முழுக்கத் தானிய லாரி ஓட்டியவன் நெவில். தசைகளை விளக்குகளைப் போல ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகிற நரம்பு நோய் அவனுக்கு வந்திருந்தது. முதலில் வலது கை, பிறகு கால்கள், இந்த ஏப்ரலில் நாக்கு. குரல் மூச்சோடு மூச்சாகத்தான் வெளியே வரும், சொற்களின் ஓரமெல்லாம் கரைந்து போயிருக்கும். அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது மனைவி லோர்னாவின் வேலையாகியிருந்தது. மூளை முழுசாக இருந்தது. அதைவிட முழுசாக இருந்தது வாய்த்துடுக்கு.

குளம் கட்டுகிற ராஸ் வெயிலில் உரிந்த மூக்கோடு அவர்களுக்காகக் காத்திருந்தான். ஒரு தொட்டியைத் தட்டிக் காண்பித்தான். "ஃபைபர்னா சட்டுனு முடிஞ்சிடும். குழி தோண்டி, கிரேன் வச்சு வீட்டுக்கு மேலேயே தூக்கி உள்ள இறக்கிடுவோம். கொஞ்ச வாரத்துல இறங்கிடலாம். ஆனா இது அச்சுல வர்றது. அதுல என்ன படி இருக்கோ அதுதான். நாற்காலியோட இறங்கணும், சரிவு வேணும்னா கான்கிரீட்தான். கான்கிரீட்ல நீங்க கேக்குற வடிவம் வரும், கேக்குற ஆழம் வரும்."

"அது எவ்ளோ நாளாகும்?"

ராஸ் நெவிலைப் பார்த்தான். உடனே கண்ணைத் தொட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டான். "கவுன்சில்ல அனுமதி வாங்கணும். தோண்டணும், கம்பி கட்டணும். கான்கிரீட் அடிச்சா அது நல்லா இறுகணும். அப்புறம் உள்பக்கம் டைல்ஸ் ஓடு ஒட்டுறது. மழை தொந்தரவு பண்ணலைன்னா கிறிஸ்துமஸுக்குள்ள."

நெவில் ஏதோ சொன்னான். ராஸ் குனிந்து பார்த்தான், பிடிபடவில்லை. "என்ன சொல்றார்?"

"வேலை சுத்தமா இருக்குமான்னு கேக்கறார்."

நெவில் கேட்டது, எந்த வருஷக் கிறிஸ்துமஸ் என்று.

வேனில் திரும்பும்போது சிக்னலில் நின்ற நேரத்தில் அவள் காதை அவன் பக்கம் சாய்த்தாள். "அந்த நீலத் தொட்டியே போதும் லோர்னா."

"படியில உன்னை யாரு தூக்குறது? நானா?"

"கிரேன்தான் வருதே. தொட்டியோட சேத்து என்னையும் ஒருதடவை தூக்கி வைக்கச் சொல்லு."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று வேனை ஓரங்கட்டினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ இருக்க மாட்டேன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அதைத்தான சொல்ற?" என்று கத்தினாள். பக்கத்தில் காரை எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் ராஸுக்குப் போன் செய்து கான்கிரீட் என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. குளத்துக்கு அவள் ஆசைப்பட்டவளும் இல்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கென்று ஒரு வெந்நீர்க் குளம் இருந்தது. வாரம் ஒருமுறை நெவிலை அங்கே கூட்டிப்போவாள். முதல் நாள், மார்பளவு தண்ணீரில் அவள் அவனைத் தாங்கிக்கொண்டு நின்றபோது, மடியில் செத்துக் கிடந்த அவன் கைகள் இரண்டும் தாமாகவே மேலே மிதந்து வந்தன. வந்து அவள் தோளில் படிந்தன. அவன் தூக்கினானா, தண்ணீர் தூக்கியதா என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட ஊர் பார்க்க அணைத்துக்கொள்கிறவன் இல்லை அவன். அங்கே, ரப்பர்த் தொப்பி போட்ட கிழவிகள் சுற்றிலும் குதித்துக்கொண்டிருக்க, அவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த வாரம் முழுவதும் அவள் அடுத்த வாரத்தை எண்ணிக்கொண்டே சமைத்தாள், துணி துவைத்தாள். பிறகு குழாய்கள் அரித்துப்போய்விட்டன என்று சொல்லி அந்தக் குளத்தை மூடினார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நகரத்தின் பொதுக்குளம் குளிர்ந்த தண்ணீர். அவன் உடம்பு அதில் மரக்கட்டையாகிவிடும். கணவன் அணைக்க வேண்டுமென்றால் வெந்நீரில் நிறுத்த வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்குப் பின்னாலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அனுமதி கிடைப்பதற்குள் குளிர்காலம் போய்விட்டது. பொக்லைன் வந்து துணி உலர்த்தும் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது. டூவூம்பாவின் சிவப்பு மண்ணுக்கு அடியில் கருங்கல் படுத்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். யார் வீட்டில், எந்த மூலையில் என்பதுதான் தெரியாது. இவர்கள் வீட்டில் அது சரிவு இறங்க வேண்டிய இடத்தில் இருந்தது. பாறை உடைக்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நாள் முழுவதும் சமையலறை அலமாரியில் கோப்பைகள் நடுங்கின. நெவிலின் நாற்காலியைப் பின்வராந்தாவில் போட்டால்தான் அவன் பிசைந்த பூசணிக்காயை விழுங்குவான். இயந்திரங்களைப் பார்க்கும்போது மட்டும் அவன் வாய் சாப்பாட்டை மறந்துபோய் ஏற்றுக்கொண்டது. பாறை உடைந்தது. அடுத்து மழை பிடித்துக்கொண்டது. குழி நிறையச் செம்மண் தண்ணீர் தேங்கி, அதில் வாத்துகள் வந்து இறங்கின.

"குளம் ரெடியாயிடுச்சு போலிருக்கே" என்றான் நெவில்.

மகள் பிரயோனி பிரிஸ்பேனிலிருந்து சனிக்கிழமைகளில் வருவாள். அப்பாவின் கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது என்பதால் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தித் தந்தவள் அவள்தான். வேலை நின்றுகிடந்த ஒரு சனிக்கிழமை, குழியின் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஃபைபர் வாங்கியிருந்தா மே மாசமே அப்பா தண்ணியில இருந்திருப்பாரும்மா."

"படி இருக்குடி அதுல."

"நான் தூக்கியிருப்பேன். ஆள் கூட்டிட்டு வந்து தூக்கியிருப்பேன். நாலு பேரு கிடைக்க மாட்டாங்களா? இது யாருக்குக் கட்டுற நீ? அப்பாவுக்கா, உனக்கா?"

லோர்னா திரும்பி நடந்தாள். உள்ளே போய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். கெட்டில் கொதித்து அணைந்தது, மறுபடியும் போட்டாள். மறுபடியும் அணைந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது பிரயோனி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவன் முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள். தலையைத் தடவிக்கொடுக்க முடியாததால் நெவில் மெதுவாக மணியை அடித்துக்கொண்டிருந்தான்.

கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் அடிக்க நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் நெவிலின் நுரையீரலைப் பரிசோதிக்கப் போயிருந்தார்கள். குழாயில் ஊதச் சொன்னபோது கருவியின் முள் அசைந்ததா என்றே லோர்னாவுக்குத் தெரியவில்லை. டாக்டர் இளவயதுப் பெண். நாற்காலியை இழுத்து நெவிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து அவனிடமே பேசினாள்.

"இனிமே குளத்துல இறங்க வேணாம் நெவில். நெஞ்சளவு தண்ணில நின்னா அது சுத்தியிருந்து அழுத்தும். அதை எதிர்த்து மூச்சு இழுக்க உங்க தசையில தெம்பில்ல. ஆபத்து."

"கொஞ்ச நேரம்? நான் புடிச்சுக்கிட்டே இருந்தா?" என்று கேட்டாள் லோர்னா.

"புடிச்சுக்கிறது பிரச்சினையில்லை லோர்னா. மூச்சுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஜகரண்டா மரங்களின் பூக்கள் ஊதாவாக உதிர்ந்து கிடந்தன. வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ராஸுக்கு இப்போதே போன் செய்தால் நாளைக்கு வரவிருக்கும் லாரிகளை நிறுத்திவிடலாம். குழியை மூடிவிடலாம். கம்பியைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். மண்ணைப் போட்டு, மேலே புல் விதைத்து, கொடிக்கம்பத்தைத் திரும்ப நட்டுவிடலாம். கையில் போன் இருந்தது. பக்கத்தில் நெவில் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்து என்று அவன் சொன்னால் நிறுத்திவிடுவாள். அவன் சொல்லவில்லை. அவள் அவன் பக்கம் காதைச் சாய்க்கவும் இல்லை. சாய்த்தால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கலவை லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. நெவில் விடியற்காலையிலிருந்தே மணியடித்துத் தன்னை வராந்தாவுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தான். தடித்த குழாயைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆட்கள் சாம்பல் நிறக் கலவையைக் கம்பிகளின் மேல் பீய்ச்சினார்கள். பின்னாலேயே இருவர் அதை வழித்து வழித்து வளைவாக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு லாரியும் பின்னோக்கி வரும்போது நெவில் மணியடித்தான். டிரைவர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு பதிலுக்கு ஹார்ன் அடித்தார்கள். ஒருத்தன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "பாஸ் சரின்னு சொல்லிட்டாரு, வாங்கடா!" என்று கத்தினான். மாலையில் எல்லாரும் போனபின் பின்முற்றத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறக் கிண்ணம் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் அகலமான சரிவு, அவள் கேட்ட மாதிரியே.

"தண்ணி விட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் ராஸ். "கான்கிரீட் காயவே கூடாது. காஞ்சா வெடிச்சிடும். இந்த வெயிலுக்கு எத்தனை தடவை விட்டாலும் தப்பில்லை."

அவள் விட்டாள். சுற்றிலும் கட்டியிருந்த தற்காலிக வேலிக்குள் புகுந்து, ஹோஸைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நனைத்தாள். நவம்பர் வெயில் இரக்கமில்லாமல் அடித்தது. ஒரு பக்கம் நனைத்து மறுபக்கம் திரும்புவதற்குள் முதல் பக்கம் வெளுக்கத் தொடங்கிவிடும். திரும்ப ஓடுவாள். காலையில் பல் தேய்க்குமுன் விட்டாள், நெவிலைத் துடைத்து உடை மாற்றிவிட்டு வந்து விட்டாள், அவனுக்கு ஊட்டிய கரண்டி காயுமுன் மறுபடி வந்து விட்டாள். யாருமே இறங்கப்போகாத குளம் வெடிக்கக் கூடாதென்று இப்படி ஓடுவது கிறுக்குத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நின்றால்தான் அழ வேண்டியிருக்கும்.

கான்கிரீட் கால் வைக்கிற அளவுக்கு இறுகியிருந்த ஒரு முற்பகலில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. ஓடிப்போய்க் குனிந்தாள்.

"கீழ கூட்டிட்டுப் போ."

"எங்க கீழ?"

"சரிவு எதுக்கு வச்ச?"

"வழுக்கும் நெவில். நாற்காலி உருண்டுடுச்சுன்னா?"

"நீதான் ரிவர்ஸ் ஓட்டுவியே."

வேலிக் கதவைத் திறந்து, நாற்காலியைத் திருப்பி, தன் முதுகு குழியைப் பார்க்க, அவன் எடை முழுவதையும் மார்பில் தாங்கிக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் இறங்கினாள். ரப்பர் பூட்ஸ் சொரசொரப்பில் பிடித்தது. அடியில் சமதரை வந்ததும் பிரேக் போட்டாள். உள்ளே நிழலும் குளிர்ச்சியுமாக இருந்தது. தெருவின் சத்தம் சட்டென்று நின்றுபோயிருந்தது. மேலே வானம் குளத்தின் வடிவத்தில் வெட்டியதுபோலத் தெரிந்தது. வந்தாயிற்று, இனி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹோஸை எடுத்துக்கொண்டு ஆழமான மூலைக்குப் போய்ச் சுவரை நனைக்க ஆரம்பித்தாள்.

"லோர்னா."

வேலிக்கு வெளியே யாரோ கூப்பிடுவதாக நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை.

"லோர்னா. அந்த மூலை காஞ்சு கிடக்கு."

திரும்பினாள். நெவில் குளத்தின் அந்தக் கோடியில் இருந்தான். அவன் வாய் மட்டும் அசைந்தது. குரலைச் சுவர்கள் வாங்கிப் பெரிதாக்கி அவள் காதருகே கொண்டுவந்து வைத்தன. எத்தனையோ மாதங்களாகக் குனிந்து, மூச்சைப் பிடித்து, அவன் உதட்டில் காதை ஒட்டிக் கேட்ட குரல். இப்போது எட்ட நின்றே கேட்டது.

"எங்க?" என்றாள். அவள் குரலும் சுற்றி வந்தது.

"உனக்கு வலப்பக்கம். மேல. கண்ணு தெரியலையா?"

நனைத்தாள். "இங்கயா?"

"இன்னும் மேல. பாவம் பாத்து விடற. நல்லா அடி."

நல்லா அடித்தாள். தெறித்த தண்ணீர் அவள் தலையெல்லாம் நனைத்தது. நெவில் சிரித்தான், அந்தச் சிரிப்பு சுவருக்குச் சுவர் போய் இன்னும் பலர் சிரிப்பதைப் போலத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து மேலே வேலியோரம் ராஸின் தலை தெரிந்தது. கையில் ஓடுகளின் மாதிரிகள் இருந்தன.

"மன்னிச்சுக்கங்க, சும்மா எட்டிப் பாக்க வந்தேன். ஓடு எந்த நீலம்னு சொல்லிட்டீங்கன்னா…"

டாக்டர் சொன்னதை இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள் லோர்னா. வேலையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

"பச்சை" என்றான் நெவில்.

"பச்சையா?" என்றான் ராஸ். கேட்டுவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றான். லோர்னாவைப் பார்க்காமல் அவன் நேராக நெவிலைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமா தம்பி. நீலம் எல்லார் வீட்லயும் இருக்கு."

"பச்சையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு ராஸ் தலையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். அவன் வண்டி கிளம்புகிற சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

நெவில் அவ்வளவு பேசிக் களைத்திருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. லோர்னா ஹோஸின் முனையைத் திருகி மூடினாள். தண்ணீர்ச் சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. எங்கிருந்து வருகிறதென்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமானது. அவனுடைய மூச்சு. இழுக்கும்போது சின்னதாகத் தடுக்கி, விடும்போது நீளமாக, நாலு சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அவள் அசையாமல் நின்று கேட்டாள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அவளும் மூச்சு விடவில்லை.

மேலே, வெயில் நேராக விழும் இடத்தில், சுவர் விளிம்பிலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே இறங்கியது.