கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

விளக்கை அணைக்கக் கையை நீட்டிய ஈனோக் அப்படியே நின்றுவிட்டான். கனத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இந்நேரம் யாரும் இருக்கக் கூடாத வெடிமருந்து அறைக்குள், அவன் தங்கச்சி கெசியாவின் புருஷன் ஜேபெஸ் ஒரு பீப்பாய்மேல் குனிந்திருந்தான். காலில் ஆணி அடித்த பூட்ஸ்.

பிளிமத் துறைமுகத்தைக் காக்கிற அந்தப் பழைய கோட்டையில் பதினோரு வருஷமாக ஈனோக்குக்கு இந்த ஒரே வேலைதான். மருந்து அறைக்குள் தீ போகக் கூடாது; உள்ளே வேலை செய்கிறவனுக்கு வெளிச்சமும் வேண்டும். அதனால் சுவருக்குப் பின்னால் தனிச் சந்து, சுவரில் பதித்த கண்ணாடி, இந்தப் பக்கம் விளக்கு. அந்த அறைக்குள் அவன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பயம்தான், வேறென்ன! உள்ளே போகிறவர்கள் முன்னறையில் முழங்கால் உயரப் பலகைத் தடுப்புக்கு வெளியே பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாண்டிப்போய் கித்தான் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். கல் தளத்தில் ஆணி உரசி ஒரு பொறி பறந்தால் போதும், கோட்டை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும்.

சற்று முன்னால் முன்னறை வாசலில் நின்று சேதி சொன்னதே ஈனோக்தான்.

"டேய் ஜேபெஸ், கெசியாவுக்கு வலி கண்டுடுச்சாம். ஓடுடா!"

"ஐயோ மச்சான், அடுத்த வாரம்னுல்ல மருத்துவச்சி சொன்னா!"

"உம் புள்ள மருத்துவச்சியக் கேட்டுக்கிட்டா வரும்? வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம கெளம்பு."

ஜேபெஸ் தடுப்பைத் தாண்டி வந்து பூட்ஸை மாட்டி முடிச்சுப் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் ஈனோக் விளக்குச் சந்துக்கு வந்தான். அதற்குள் ஜேபெஸுக்குத் திறந்து வைத்த பீப்பாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடாமல் போனால் தண்டனை. ஒரு நொடி வேலைதானே என்று பூட்ஸோடே திரும்பிப் போயிருக்கிறான், பாவிப்பயல்! பீப்பாயைச் சுற்றிலும் மருந்து கருமணலாகச் சிந்திக் கிடந்தது.

கத்தினால் கேட்காது. கண்ணாடியைத் தட்டினால் என்னவென்று பார்க்க நடந்து வருவான். மிச்சமிருந்தது ஒரே வழி. விளக்கு அவிந்தால், ஆள் வரும்வரை உள்ளே இருப்பவன் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது என்பது கோட்டைச் சட்டம். ஆனால் பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள் என்று தெரிந்தவனுக்குச் சட்டமாவது ஒன்றாவது? தடவிக்கொண்டே வாசலைத் தேடினால்?

ஜேபெஸ் மரச் சுத்தியலை வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஈனோக் விளக்கை ஊதி அணைத்தான்.

ஓடினான். படியேறி, முற்றத்தைச் சுற்றி, மறுபடி படியிறங்கி. "என்னய்யா, பேயப் பாத்துட்டியா?" என்று முற்றத்தில் எவனோ சிரித்தான். ஈனோக் முன்னறையில் பூட்ஸை உதறித் தள்ளிவிட்டுத் தடுப்பைத் தாண்டினான்.

"ஜேபெஸ். அசையாத."

"மச்சானா? வெளக்கு அவிஞ்சிடுச்சு. நான் போவணும், கெசியா அங்க..."

"காலத் தூக்காதடா. பூட்ஸு. உங் கால்ல பூட்ஸு."

"யேசுவே," என்றான் ஜேபெஸ். "மச்சான், காலு நடுங்குது. நிக்க மாட்டேங்குது. நீ போயிடு. அவளுக்கு ஒரு ஆளாச்சும் வேணும்."

"வாய மூடு."

மண்டியிட்டுத் தவழ்ந்தான். உள்ளங்கை வியர்வையில் மருந்து ஒட்டியது. ஓடுடா என்று சொன்ன தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. கணுக்கால் கைக்குத் தட்டுப்பட்டது. முதல் முடிச்சு அவிழ்ந்தது. பாதத்துக்கு அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கி, பூட்ஸை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

அடுத்தது அவசரத்தில் போட்ட கெட்டி முடிச்சு. விரலுக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கவ்வி இழுத்தான். ஜேபெஸ் அவன் தலைமுடியை இறுகப் பற்றிக்கொண்டான். ஈனோக்கின் தாடைக்குக் கீழே, கல்லின்மேல், ஆணிகள் நறநறவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.