லவெர்னுக்குக் கிடைத்த நாற்பத்தைந்து நிமிடம்

மதியம் ஒன்றேகாலுக்கு லவெர்ன் டாக்கின்ஸ் தன் பென் டிரைவை மேடைப் பிளேயரில் செருகினாள். பாட்டுப் பெயர்கள் ஒழுங்காக வரிசை கட்டி வந்தன. முதல் பாட்டை அழுத்தினாள். இந்த வகைக் கோப்பை இயக்க முடியாது என்று திரையில் வந்தது. இரண்டாவதை அழுத்தினாள், அதே பதில். பக்கத்துப் பிளேயரில் செருகிப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

எதிரே சிகாகோ தெற்குப் பக்கத்து ஜனம் பாதி பூங்காவில் கூடியிருந்தது. கறி வாட்டும் புகை, மடக்கு நாற்காலிகள், விசிறிகள். முன்வரிசையில் பள்ளிப் பேருந்து டிப்போவிலிருந்து அவளோடு வண்டி ஓட்டும் எட்டுப் பேர், அவள் பெயர் அச்சடித்த மஞ்சள் பனியனோடு நின்று கை ஆட்டினார்கள். லவெர்னும் கை ஆட்டினாள்.

பதினோரு வருஷமாக, ஹவுஸ் என்ற நடனப் பாட்டுக்காகவே நடக்கும் இந்தப் பிக்னிக்கில் பாட்டுப் போட அவளுக்குக் கிடைத்தது எலுமிச்சைச் சாறு விற்கும் கூடாரம்தான். அங்கே என்ன பாட்டுப் போட்டாலும் ஐஸ் வாங்க வரிசையில் நிற்பவர்கள்தான் கேட்பார்கள். பெரிய மேடை கொடுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கமிட்டியிடம் கேட்டு, ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியவள். இந்த வருஷம் கிடைத்தது. ஒன்றேகால் முதல் இரண்டு மணி வரை. சரியாக அமைந்தால் இனி இது அவளுடைய இடம். சொதப்பினால் ஐம்பத்தொரு வயதுக்கு மேல் இன்னொரு முறை யார் கூப்பிடப் போகிறார்கள்?

அதற்காகத்தான் குளிர்காலம் முழுவதையும் செலவழித்தாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, சாயங்கால நடை வரைக்கும் வீட்டில் இசைத்தட்டுகளோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தட்டையும் துடைத்து, ஓடவிட்டு, கணினியில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, தன் கைப்பட நூற்றுப்பத்துப் பாட்டைத் தயார் செய்தாள். எல்லாவற்றையும் ஃப்ளாக் என்ற வகையில் வைத்தாள். கோப்பு சுருங்கும், ஆனால் எம்பி3யில் குறைவதுபோல் சத்தத்தில் ஒரு துளியும் குறையாது. இத்தனை வருஷம் வைத்திருந்த எம்பி3 எல்லாவற்றையும் துடைத்துப் போட்டாள்.

அந்தப் புத்தியைக் கொடுத்தவன் ராய்ஸ் கேடிஸ். மேடைப் பொறுப்பு அவனுடையது. போன வருஷப் பிக்னிக்கில் நாலு பேர் நடுவில் வைத்து அவளை வாரினான்.

"எம்பி3யா போடுற? ஏம்மா, விலா எலும்புக் கறிய நல்லா வாட்டி, மசாலாவ ஊத்தி, அப்புறம் குழாயடியில கழுவித் திங்கிற மாதிரி இருக்கு தங்கச்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனாலும் ஜாக்கிரதைக்காரி. மார்ச் மாதத்திலேயே அவனுக்குப் போன் போட்டு, மேடையில் எந்தப் பிளேயர் என்று கேட்டாள்.

"எல்லாம் புதுசு. எதக் குடுத்தாலும் படிக்கும். நீ ஃப்ளாக்கே கொண்டா, காது குளிரட்டும்" என்றான்.

லேப்டாப்பையும் அவள் எடுத்து வரவில்லை. அந்தக் கூட்டத்தில் மேடை மேல் லேப்டாப்பைத் திறந்தால் மானம் போய்விடும். "ஆபீஸ் வேலையா, லெட்டர் டைப் அடிக்கிறியா" என்று கீழேயிருந்து கத்துவார்கள். பென் டிரைவை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறுவதுதான் கெத்து. அவளும் அப்படித்தான் ஏறினாள்.

"எல்ராய்!" என்று ஒலிக்காரரைக் கூப்பிட்டாள். "இது ஏன் படிக்க மாட்டேங்குது?"

எல்ராய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஃப்ளாக்கா? இது பழைய பெட்டி. இதுக்கு அதெல்லாம் தெரியாது. எம்பி3 வச்சிருக்கியா?"

"புதுசு இருக்குன்னு ராய்ஸ் சொன்னானே?"

"இருக்கு." மேடை ஓரத்தில் போர்வை போட்டுக் கட்டியிருந்ததைக் கண்ணால் காட்டினார். "அஞ்சு மணிக்குப் பாட்டுப் போட வர்ற விருந்தாளிக்கு. ராய்ஸ் சொல்லாம நான் கட்ட அவுக்க முடியாது."

"அஞ்சு நிமிஷத்துல மாத்தித் தர முடியுமா?"

"எதுல மாத்துறது? ஏங்கிட்ட இருக்கறது ஒயரும் டேப்பும்தான்."

அதற்குள் கூட்டத்தில் விசில் கிளம்பிவிட்டது. "லவெர்ன், தூங்கிட்டியா? ஸ்டாப்புல நிக்கிறோம், வண்டிய எடு!" என்று டிப்போக்காரர் ஒருவர் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆறு நிமிடம் போய்விட்டது.

ராய்ஸ் அப்போதுதான் வந்தான். ஓடிவரவில்லை. வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வழியில் இரண்டு பேரிடம் கைகுலுக்கி, நிதானமாகப் படியேறினான்.

"என்ன தங்கச்சி, ஓடலையா? அட பாவமே. இந்தா, என் டிரைவ எடுத்துக்கோ. எல்லாம் இருக்கு அதுல. ராஜாத்தி மாதிரி போடு."

வேறு வழி? செருகினாள். பட்டியல் விரிந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பாட்டு. பெயருக்குப் பக்கத்தில் வகை காட்டும் கட்டத்தில் எம்பி3. அடுத்ததும் எம்பி3. அவள் குமிழைத் திருகிக்கொண்டே போனாள், கடைசி வரைக்கும் எம்பி3.

"ராய்ஸ். இதெல்லாம் எம்பி3."

"ஆமா. எந்தப் பெட்டியிலயும் ஓடும்ல?"

"அப்புறம் எதுக்கு என்னைய..."

"சத்தம் சுத்தமா இருக்கணும்னு ஆசப்பட்டது நீ. நானா எம்பி3 இல்லாம வரச் சொன்னேன்?" அவள் தோளில் தட்டினான். "ஜனம் காத்திருக்கு."

லவெர்னுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கறி அடுப்பில் போட்டிருப்பாள். இறங்கிப் போய்விடலாம் என்றும் நினைத்தாள். மஞ்சள் பனியன்கள் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தன. முதல் பாட்டைத் தேடி எடுத்துப் போட்டாள்.

நன்றாகத்தான் போட்டாள், அதுதான் வயிற்றெரிச்சல். அவளுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அவன் பாட்டுகளுக்குப் போனது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போனாள். நாற்காலியில் கிடந்தவர்கள் எழுந்து ஆட வந்தார்கள். புல்தரை நிறைந்தது. அவள் குளிர்காலம் மட்டும் சட்டைப்பையில் கிடந்தது, ஒருவர் காதிலும் விழாமல்.

இரண்டு மணி. முடித்தவர் மைக்கைப் பிடித்து, உதவியவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது அங்கே வழக்கம். லவெர்ன் மைக்கை எடுத்தாள். நடந்ததைச் சொல்ல நாலு வாக்கியம் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கமிட்டித் தலைவி ஜெனிவா அம்மா முன்னால் நின்று, அடுத்த வருஷமும் நீதான் என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்தினார். ராய்ஸ் அவருக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"பாட்டுக் குடுத்து உதவின ராய்ஸ் கேடிஸுக்கு ரொம்ப நன்றி" என்றாள் லவெர்ன். "அவர் இல்லன்னா நான் இல்ல."

கூட்டம் கைதட்டியது, அவனைப் பார்த்து. அவன் தொப்பியைத் தூக்கினான்.

கீழே வந்தபோது எல்ராய் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல், "நீ மூணாவது ஆளு" என்றார்.

"என்னது?"

"போன வருஷம் அந்த மில்வாக்கி ஊருப் பொண்ணு. அதுக்கு முந்தி டெஸ்மண்ட். ரெண்டு பேருக்கும் இதே கதைதான். புதுப் பெட்டின்னு சொல்லுவான், அப்புறம் தன் டிரைவ நீட்டுவான். யார் ஏறினாலும் அவன் பாட்டுதான் ஓடணும் அவனுக்கு."

லவெர்ன் அவர் முன்னால் போய் நின்றாள். "தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாது?"

எல்ராய் வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் நானும் இங்க வரணும்ல, லவெர்ன்."

அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதே அடுத்த வருஷத்துக்காகத்தான் அவளும் சற்று முன் மைக்கில் ராய்ஸுக்கு நன்றி சொல்லியிருந்தாள். மஞ்சள் பனியன்கள் எட்டும் அவளைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தன.