ஈர நூலின் கனம்

ஒன்றாம் வகுப்புக்கு எது கனம், எது லேசு என்று சொல்லிக்கொடுக்க, ரேணுகாம்பாள் டீச்சர் இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கயிற்றில் கட்டித் தராசு செய்திருந்தாள். காஞ்சிபுரத்தில் அந்த 1968-ல் வகுப்பில் முக்கால்வாசி தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பிடிக்குமே என்று வீட்டிலிருந்து இரண்டு பட்டு நூல் கண்டுகளை எடுத்து வந்திருந்தாள். அதுதான் அவள் செய்த மடத்தனம்.

அவள் கணவன் தனசேகரன் தறிக்காரர்களுக்குப் பட்டு நிறுத்துக் கொடுக்கும் முதலாளி. கொடுத்த எடைக்குப் புடவை திரும்பி வர வேண்டும். குறைந்தால் தறி வேறொருவனுக்குப் போய்விடும். தயவு தாட்சண்யமெல்லாம் அவனிடம் கிடையாது.

"ரெண்டும் சமமா நிக்குது. ஒண்ணை மட்டும் கனமாக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள், கொட்டாங்குச்சிக்கு ஒரு கண்டாக வைத்துவிட்டு.

தனசேகரனிடம் பட்டு வாங்கி நெய்பவரின் மகள், வாயைத் திறந்தால் மூடாத அலமு எழுந்தாள். "தண்ணி தெளிக்கணும் டீச்சர்! எங்கப்பா புடவைக்குத் தெளிப்பாரே. அப்பத்தான் முதலாளி தராசுல சரியா நிக்கும்." சொன்னதோடு விட்டாளா? பானைத் தண்ணீரைக் கையில் அள்ளி ஒரு கண்டின்மேல் விட்டாள். அந்தப் பக்கம் இறங்கியது.

வாசலில் தனசேகரன் நின்றிருந்தான். அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கு அவன் கையில்.

ரேணுகாம்பாள் அவனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று அலமு பக்கம் திரும்பினாள். "தப்பு அலமு. தண்ணி பட்டா கனம் கூடாது."

"கீழ போச்சே டீச்சர்!"

"கயிறு நழுவியிருக்கும். எல்லாரும் சொல்லுங்க, ஈர நூலும் காய்ஞ்ச நூலும் ஒரே கனம்."

கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அவள் சொன்னதையே பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லின. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அலமு மட்டும் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

தனசேகரன் உள்ளே வந்து குனிந்தான். "அழாத பாப்பா. நீ சொன்னதுதான் சரின்னு எனக்குத் தோணுது. டீச்சர்தான் நம்ப மாட்டேங்கறாங்க. யாரைக் கேக்கலாம்?"

"பள்ளிக்கூட நேரங்க. நீங்க கிளம்புங்க," என்றாள் ரேணுகாம்பாள்.

"நீ சும்மா இரு. வீட்டுல பேசிக்கலாம்."

அந்த வீட்டுக்குத்தான் அவள் சாயங்காலம் போயாக வேண்டும்.

"எங்கப்பாவைக் கேக்கலாம்!" அலமு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் விரலைப் பிடித்தாள். "வாங்க, பக்கத்துலதான் வீடு. புடவை இன்னும் ஈரமாவே இருக்குது, தொட்டுப் பாருங்க."

ரேணுகாம்பாள் கதவருகே ஓடி மறித்தாள். குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது, கோபமெல்லாம் போயிருந்தது.

"நீங்களும் வாங்க டீச்சர். எங்கப்பா உங்களுக்கும் சொல்லிக் குடுப்பாரு."