கறியோடு நுழைந்தவள்

என் ஓர்ப்படி இன்ஸாஃபின் வயிற்றுக்குக் கட்டுப் போட்டது நான்தானாம். எங்கள் மாமியார் ஹமீதா தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் யாராவது பச்சைக் கறியோடு அந்த அறைக்குள் நுழைந்தால் தாய்க்குக் கட்டு விழும், பிறகு கரு தங்காது என்று நைல் கரையில் எங்கள் பக்கம் நம்புகிறார்கள். இன்ஸாஃபுக்கு மகள் பிறந்த சமயம், குழந்தை அலறுகிறதே என்று சந்தையிலிருந்து வந்த கையோடு ஓடினேன். கையில் கறிப் பொட்டலம் இருந்தது. அதுதான் நான் செய்த பாவம்.

உண்மை எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பிரசவத்தில் அவள் செத்துப் பிழைத்தவள். குவைத்தில் வேலை பார்க்கும் புருஷன் லீவில் வந்து வந்து போவான், உடனே இன்னொன்று தாங்காது என்று அழுதாள். மாத்திரை என்றால் மாமியார் தலையணை உறை வரை துழாவிக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் பல்வலி என்று புளுகி, மூன்று மாதத்துக்கொரு கருத்தடை ஊசிக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன்.

அவள் கணவன் ஷாஸ்லி ஒரேயடியாக ஊர் திரும்புகிறான், அடுத்த பிள்ளையை எதிர்பார்ப்பான் என்றதும் ஊசியை நிறுத்தினாள். அவன் வந்து மாதங்கள் ஓடியும் ஒன்றும் நடக்கவில்லை.

"ஊசி உடம்பைவிட்டு இறங்க நாளாகும்மா. சிலருக்கு வருஷம்கூட ஆகும். எதுவும் கெட்டுப்போகல, பொறுமையா இரு" என்றாள் நர்ஸ்.

ஷாஸ்லிக்கு ஏது பொறுமை? ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் உண்டாகாவிட்டால் மாமன் மகளைக் கட்டுவது என்று பேசி முடித்துவிட்டான்.

"ஊசி விஷயத்தைச் சொல்லிடுடி. காரணம் தெரிஞ்சா காத்திருப்பான்ல."

"தலாக்குதான் சொல்லுவாரு. பிள்ளையையும் பிடுங்கிக்குவாங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்க்கா, வாயைத் திறக்காதீங்க."

திறக்கவில்லை. ஊர்ப் பழியை நானே சுமந்தேன்.

கட்டை அவிழ்க்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லும்போது நான் பச்சைக் கறியோடு மறுபடி அதே அறைக்குள் போக வேண்டும், அவள் அதைத் தாண்ட வேண்டும்.

"கட்டுன கையே அவிழ்க்கட்டும்" என்றாள் மாமியார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்ஸாஃபும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கண்ணை மூடி, ஏதோ ஓதியபடி, கறியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

பெருநாள் வந்தது, கரு வரவில்லை. எங்கள் வீட்டார் ஷாஸ்லிக்காக மாமன் வீட்டுக்கு நிச்சயத் தட்டெடுத்துப் போன அன்று இன்ஸாஃப் அடுப்படியில் மகளோடு தனியாக இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு மூணும் ஆம்பளப் பிள்ளைங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அன்னைக்கு அந்தக் கறியை வாசல்ல வச்சிட்டு வந்திருக்கலாம்லக்கா?"

"என்னடி பேசுற? நர்ஸ் சொன்னதை நீயும்தானே கேட்ட?"

"ஊசி ஊருல எல்லாரும்தான் போடுறாங்க. எல்லாருக்குமா இப்படி ஆச்சு?"

குழந்தை என்னைப் பார்த்துக் கை நீட்டியது. நான் தூக்குவதற்குள் இன்ஸாஃப் அதை வெடுக்கென்று இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.