மூன்றாம் நரம்பு

மங்கள வார்த்தைத் திருநாளின் முதல் மணி ஒலிக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மோசல் ஆற்றின்மேல் படிந்திருந்த பனி இளவெயில் பட்டு மெல்ல விலக, கரைச்சரிவின் கொடிமுந்திரித் தோட்டங்களும், அவற்றுக்கு மேலே மடத்தின் இரட்டைக் கோபுரங்களும், துயிலெழுந்த பெண் போர்வை நீக்கி முகங்காட்டுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின.

அவ்வழகில் மனம் செல்லாதவளாய், மடத்துப் பாடற்கூடத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள் வால்பர்கா. அவள் மடியிலும் கணவன் எக்பெர்ட்டின் மடியிலுமாக நீண்டு கிடந்தது சக்கர யாழ். அவள் சக்கரத்தைச் சுழற்ற, அவன் கட்டைகளை உயர்த்த, மூன்று நரம்புகளும் கூடித் தேன்கூடுபோல் முரலவேண்டிய அந்த யாழில், அன்று இரண்டே நரம்புகள் இருந்தன. அடிக்குரலாய் நின்று முழங்கும் தடித்த நரம்பைக் காணோம். அது இல்லையேல், நாளை இசைக்கும் உரிமை துருத்திக்குழல் ஊதும் கூன்ட்சுக்குப் போய்விடும்.

அறிவுடையோரே, நரம்பு போன வழியை உங்களுக்கு மறைப்பானேன்? புலால் விலக்கும் தவக்காலத்துக்கு முந்திய நாள், அறுந்துபோனதற்கு மாற்றாய் நரம்பு முறுக்குவதற்காக எக்பெர்ட் கழுவி ஊறவைத்திருந்த ஆட்டுக்குடலைக் கறிக்கு வாங்கியதென்று எண்ணிய வால்பர்கா, வெங்காயமும் வாற்கோதுமையும் சேர்த்துக் குழம்பாக்கிவிட்டாள். மறுநாள் முதல் ஊரில் ஆடறுப்பு நின்றது. உயிர்ப்புப் பெருவிழா வரை வேறு குடல் கிடைக்காது. உண்டவர் யாரென்பதை அவள் கணவனிடமும் சொல்லவில்லை.

பாடற்குழுத் தலைவர் தீட்மார் அடிகள், தம் வில்யாழைக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

"என்னப்பா எக்பெர்ட்டு, மூணாவது நரம்பு எங்கே? மடத்து ஆட்டுக்குடலை என் கையாலயே குடுத்தேனே!"

"அது வந்து... சாமி..."

வாயிலில் சாய்ந்திருந்த கூன்ட்ஸ் சிரித்தான். "வித்துக் குடிச்சிருப்பான் சாமி. என் துருத்திக்கு நரம்பும் வேணாம், சக்கரம் சுத்தப் பொண்டாட்டியும் வேணாம். மூச்சு இருந்தாப் போதும்."

"உன் மூச்சா? பூண்டு நாத்தத்துல முன்வரிசையே மயங்கி விழுமேடா!" என்று சீறினான் எக்பெர்ட்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" அடிகள் அதட்டினார். "எக்பெர்ட்டு, வித்துட்டியா?"

கணவன்மேல் பழி விழுவதைக் கண்ட வால்பர்கா, தரையைப் பார்த்தவாறே வாய்திறந்தாள். "அவரு பாவம் சாமி. நான்தான் தெரியாம குழம்பு வச்சுட்டேன்."

"குழம்பா!" அடிகளின் முகம் செம்மதுபோல் சிவந்தது. "யாழுக்குன்னு ஆசீர்வதிச்சுக் குடுத்ததையா? எவன் அதைத் தின்னது? நீயா?"

"நான் ஒரு வாய்கூடத் தொடலை சாமி."

"நானும் இல்லை," என்றான் எக்பெர்ட் அவசரமாக.

"அப்ப தின்னவன் எவனோ, அவனே நரம்புக்குப் பொறுப்பு. தன்கிட்ட இருந்தாக் கழட்டிக் குடுக்கட்டும், இல்லேன்னா எங்கிருந்தாவது கொண்டு வரட்டும். பீடத்துமேல ஆணை! பேரைச் சொல்லும்மா. பயப்படாதே."

கூன்ட்சும் மூச்சடக்கி நின்றான். மெல்ல நிமிர்ந்த வால்பர்காவின் பார்வை, அடிகள் அணைத்திருந்த வில்யாழின் தடித்த நரம்பில் போய் நின்றது.

"நீங்கதான் சாமி," என்றாள். "இவரு இல்லாத நேரத்துல வந்தீங்க. மூணு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."